கணக்கில் வராத இருபத்திநாலு பக்கம்

செப்டம்பர் 2, திங்கள்

பிரிண்டர் டோனருக்கு மட்டும் போன மாதம் முப்பத்தெட்டாயிரம். மேடம் அந்தப் பில்லை என் பக்கம் தள்ளிவிட்டு, நாம் பனியன் ஏற்றுமதி செய்கிறோமா அச்சாபீஸ் நடத்துகிறோமா என்று கேட்டார்கள். முதலாளியின் மகள், பாவாடை சட்டையில் ஆபீசுக்குள் ஓடிவந்து என் மேஜை டிராயரில் மிட்டாய் தேடிய குழந்தைதான். இப்போது கீர்த்தனா மேடம். நானும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர்கள் மட்டும் என்னை இன்னும் அண்ணா என்கிறார்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் செலவு பாதியாக வேண்டும். சொந்த வேலைக்கு யாரோ ஆபீஸ் பிரிண்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். கதவைத் திறக்கும்போது திரும்பிச் சொன்னார்கள்: "யாரா இருந்தாலும் சரிங்கண்ணா, கண்டுபிடிச்சுக் குடுங்க. வீட்டுக்கு அனுப்பீர்றேன்."

பத்தொன்பது வருடமாக இந்தக் கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். கண்டுபிடிக்கிற வேலையை இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

புது கார்ட்ரிட்ஜ் ஒன்று ஆறாயிரத்துச் சொச்சம். காலியானதில் பொடி நிரப்பித் தர முந்நூற்றைம்பது. பாரூக் என்று ஒருவர் காதர்பேட்டையிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்தார். விரல் நகம் பத்தும் கறுப்பு. நாலு பிரிண்டரையும் திறந்து பார்த்தார். "நல்ல மெஷினுங் சார், நாலு தடவ தாராளமா ரொப்பலாம்" என்றார். இத்தனை நாள் காலி கார்ட்ரிட்ஜ்களைக் குப்பைக்காரனிடம் சும்மா கொடுத்திருக்கிறோம். வயிறு எரிகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

பொடி தீர்ந்துவிட்டது என்று விளக்கு எரிந்தாலும் தீர்ந்திருக்காது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடமும் வலமுமாக ஏழெட்டுத் தரம் ஆட்டி மறுபடி போட்டால் இன்னும் இருநூறு பக்கம் வரும். பாரூக் சொல்லிக் கொடுத்தார். ஆட்டும்போது வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. வீட்டில் வசந்தாமணி வெந்நீரில் ஊறவைத்தாள், கறை அப்படியே பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டுமாம். சட்டை போயிற்று.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி, லீவு. கேஸ் சிலிண்டர் இந்த முறை நாற்பத்தோரு நாள் வந்திருக்கிறது. போன முறை நாற்பத்தாறு. ஐந்து நாள் எங்கே போனது என்று கேட்டேன். "ஏனுங்க, இட்லியக்கூட எண்ணித்தான் திம்பீங்களாட்ட இருக்குது" என்றாள் வசந்தாமணி. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று முதல் யார் எத்தனை பக்கம் அடித்தாலும் நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு பிரிண்டருக்கும் பக்கத்தில் வைக்க நாலு நோட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரே நோட்டு போதும், என் மேஜையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நடந்து வந்து எழுதினால்தான் பயம் இருக்கும். தேதி, பெயர், பக்கம், காரணம் என்று நான்கு கட்டம் போட்டேன்.

நோட்டை மட்டும் நம்ப முடியுமா? அதற்கும் வழி வைத்திருக்கிறேன். பிரிண்டரில் இருக்கும் பச்சைப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால், மெஷின் தன் ஜாதகத்தையே துப்பிவிடும். மூன்று தாள். அதில் இதுவரை மொத்தம் எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்று இருக்கும். காலையில் வந்ததும் நாலு மெஷினிலும் ஒரு தரம், சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தரம். நோட்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் யார் வண்டவாளமும் வெளியே வந்துவிடும். அதற்கும் புதுத்தாள் வீணாக்குவதில்லை. ஒருபக்கம் அடித்த பழைய தாளைத்தான் போடுகிறேன்.

நோட்டைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கிற சகாயமேரி மட்டும், "காரணம்னு கட்டம் போட்டுருக்கீங்களே சார், எல்லாத்தயும் எழுதணுமா?" என்று கேட்டார். எல்லாவற்றையும்தான் என்றேன். ஏன் கேட்டார்?

செப்டம்பர் 11, புதன்

மெஷின்கள் சொல்வதற்கும் நோட்டு சொல்வதற்கும் நாற்பத்தெட்டு பக்கம் வித்தியாசம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளில். நாளுக்கு இருபத்திநாலு.

இருக்கிறான். மேடம் சொன்னது சரி. இந்த ஆபீசுக்குள் ஒருவன் இருக்கிறான்.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்றும் இருபத்திநாலு.

செப்டம்பர் 14, சனி

தினமும் இருபத்திநாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெரியாமல் அடிக்கிறவன் ஒருநாள் ஐந்து அடிப்பான், ஒருநாள் ஐம்பது அடிப்பான். இது திட்டம் போட்டு நடக்கிறது. ஏதோ புத்தகத்தைத் தவணை தவணையாக அடித்துக்கொள்கிறார்களா? தேர்வு கைடா? வெளியே யாருக்காவது விற்கிறார்களா? பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று ஜெராக்ஸ் கடைக்காரன் வாங்குகிறான்.

இந்த ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை. திருடுகிறவனும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். ஆகையால் பேச்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்று ஒவ்வொருவர் மேஜைப் பக்கமும் போய் மின்விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது போல நின்று பார்த்தேன். யாரிடமும் புதுக் காகிதக் கட்டு இல்லை.

தாளின் கணக்கும் இடிக்கவில்லை. பீரோ சாவி என்னிடம்தான். புதுத்தாள் சரியாக இருக்கிறது, அப்படியானால் அவன் பழைய தாளில் அடிக்கிறான். என்னுடைய உத்தியையே எனக்கு எதிராகப் பயன்படுத்துகிறான்.

மத்தியானம் மகளின் ஜாதகமும் விவரமும் அடங்கிய ஒரு பக்கத்தை ஆறு பிரதி எடுத்தேன். தரகர் நாளை வருகிறார். அது வேறு விஷயம், அந்த ஆறைக் கணக்கில் கழித்துக்கொள்வேன்.

செப்டம்பர் 16, திங்கள்

சகாயமேரி எட்டேகாலுக்கே ஆபீசுக்கு வந்துவிடுகிறார். வாட்ச்மேன் சொன்னார். ஆபீஸ் ஒன்பதரைக்கு. கேட்டதற்கு, ஏழரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதே காலுக்குத்தான் என்கிறார். நான்கு வருடமாக அப்படித்தான் வருகிறாராம். நான்கு வருடம்!

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரே பையன், ஆறாம் வகுப்பு. இதுவரை அவரைப் பற்றி எனக்கு இவ்வளவுகூடத் தெரியாது.

செப்டம்பர் 18, புதன்

எட்டரைக்கே போய்விட்டேன். சகாயமேரி டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "என்ன சார், சீக்கிரம்?" என்றார். குரலில் ஒரு மாற்றம் இருந்தது. இருந்ததாக எனக்குப் பட்டது.

அவர் பக்கத்து பிரிண்டரின் மேல் கை வைத்தேன். சூடு. இப்போதுதான் அடித்திருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய பேக்கிங் லிஸ்ட் ஒன்பது பக்கம் என்று நோட்டில் பிறகு எழுதினார். ஒன்பது மட்டும்தானா என்று மெஷினுக்குத் தெரியும். நான் வழக்கம்போல நாலு மெஷினிலும் பொத்தானை அழுத்தி ரிப்போர்ட் எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 20, வெள்ளி

மாட்டிக்கொண்டார்.

நேற்று நான் லீவு. ஈரோட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்தார்கள். பையனுக்கு முன்நெற்றி ஏறியிருக்கிறது, பார்க்கலாம். இன்று காலை வந்து ரிப்போர்ட் எடுத்தேன். புதனும் வியாழனும் சேர்த்து வித்தியாசம் வெறும் இருபத்திநாலு! நாற்பத்தெட்டு இருந்திருக்க வேண்டும். அதாவது வியாழக்கிழமை யாரும் திருட்டுத்தனமாக அடிக்கவில்லை. வருகைப் பதிவைப் புரட்டினேன். வியாழன் லீவு போட்டது ஒரே ஒரு ஆள், சகாயமேரி. பையன் பள்ளியில் பெற்றோர் கூட்டமாம்.

நானும்தான் இல்லை, ஆனால் நான் கணக்கில் வரமாட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

நோட்டை ஆரம்பத்திலிருந்து மறுபடி படித்தேன். சகாயமேரியின் கையெழுத்து சின்னதாக, கோடு பிசகாமல் இருக்கும். செப்டம்பர் 13: "பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட், 4 பக்கம். மன்னிக்கவும்." செப்டம்பர் 17: "ரேஷன் கார்டு விண்ணப்பம், 2 பக்கம். சொந்த வேலை."

கையும் களவுமாக, அவர் கையாலேயே! சொந்த வேலைக்கு அடிக்கிற ஆள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆறு பக்கத்தைக் காட்டிவிட்டு மீதியை மறைக்கிற தந்திரம். வேறு யாரும் நோட்டில் சொந்த வேலை என்று ஒருவரிகூட எழுதவில்லை. மற்றவர்கள் ஒழுங்கு.

செப்டம்பர் 24, செவ்வாய்

வசந்தாமணியிடம் சொன்னேன். அந்தப் பொண்ணு எழுதியே வெச்சிருக்குதே, திருடறவ எழுதுவாளா என்று கேட்டாள். ஆபீஸ் விவகாரம் இவளுக்குப் புரியாது. பருப்பு கருகியது.

செப்டம்பர் 26, வியாழன்

மேடத்திடம் ஃபைலைக் கொடுத்தேன். ரிப்போர்ட் தாள்களே ஒரு விரல்கடை தடிமன் வந்துவிட்டது. தனியாகக் கூட்டிக்கழித்து ஒரு பக்கத்தில் எழுதி மேலே வைத்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்கள். வியாழக்கிழமை விஷயத்தில் விரல் வைத்து, "இது போதுங்கண்ணா" என்றார்கள்.

சகாயமேரி பெயரைச் சொன்னேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, போனஸ் கொடுத்துவிட்டு அனுப்பலாமே என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 28, சனி

முடிந்தது. மேடம் அறையில் மூன்று பேரும் இருந்தோம். சகாயமேரி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தினம் இருபத்திநாலு பக்கம் என்று மேடம் சொன்னபோது, யாரோ வேறு ஆளைப் பற்றிப் பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சார், நான் சொந்தத்துக்கு அடிச்ச ஆறு பக்கத்தயும் எழுதிட்டேன். எழுதச் சொன்னீங்க, எழுதுனேன். எழுதாதவங்க யாருன்னு நீங்க பாக்கவே இல்ல."

அர்த்தமில்லாத பேச்சு. எழுதாதவர் யாரென்று எழுதாமல் எப்படித் தெரியும்?

டிபன் டப்பா, ஒரு சால்வை, மாதா படம் போட்ட சின்ன காலண்டர், இவ்வளவுதான் அவர் மேஜையில் இருந்தது. ஒரு பழைய துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது நோட்டைத் திறந்து, காலையில் அடித்த இன்வாய்ஸ் ஐந்து பக்கத்தை எழுதிவிட்டுப் போனார். மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வேலை இருந்தது. ரிப்போர்ட் எடுத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்றைய வித்தியாசம் இருபத்திநாலு.

தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று மூன்று முறை கூட்டினேன். மத்தியானம் மேடம் வழியில் பார்த்து, "இப்ப சரியாயிருச்சுங்களாண்ணா?" என்றார்கள். மாதக் கணக்கு இன்னும் முடிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று காந்தி ஜெயந்தி. வீட்டில் இருந்தும் மனசு வீட்டில் இல்லை. கூட்டாளி யாரோ இருக்கிறார்கள். சகாயமேரி போனபிறகும் நடக்கிறது என்றால் ஒரு கும்பலே இருக்கிறது. வாட்ச்மேனிடம் சாவி உண்டு. கூட்டுகிற அம்மா காலை எட்டு மணிக்கு வருகிறார், ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாதது போல இருக்கிறாரோ? இன்று குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். கூட்டுகிற அம்மா என்னையே பார்த்துக்கொண்டு விளக்குமாற்றோடு நின்றார்.

ஈரோட்டுக்காரர்கள் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 5, சனி

இருபத்திநாலு.

அக்டோபர் 7, திங்கள்

பாரூக் பொடி நிரப்ப வந்தார். என் மேஜையில் ஃபைலைப் பார்த்துவிட்டு, இதென்ன இத்தனை ரிப்போர்ட் என்று கேட்டார். பெருமையாகத்தான் விளக்கினேன். காலையும் மாலையும் எடுப்பது, நோட்டோடு ஒப்பிடுவது, தினம் இருபத்திநாலு பக்கம் இடிப்பது எல்லாம் சொன்னேன். அவர் பொடி டப்பாவை மூடிக்கொண்டே, இந்த ரிப்போர்ட்டை நோட்டில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை எதற்கு எழுதுவது? அது யாரும் அடிப்பதில்லை, மெஷின் தானாகச் சொல்வது. நோட்டு மற்றவர்களுக்கு. நான் சரிபார்க்கிறவன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மெஷினில் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மூன்று தாள் வந்தது. மொத்தம் என்ற இடத்தைக் கறுத்த நகத்தால் காட்டினார். 61,408. யாரையும் பிரிண்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே மறுபடி அழுத்தினார். மறுபடி மூன்று தாள். 61,411.

"நடுவுல யாருங் சார் அடிச்சாங்க?" என்றார்.

நாலு மெஷின். மூன்று தாள். காலை, மாலை.

பெருக்கிப் பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பாரூக் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், தம்ளரில் அவர் விரல் கறை. அவருக்குச் சகாயமேரி விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை லீவு போட்டது இரண்டு பேர்.

அக்டோபர் 8, செவ்வாய்

பொத்தானை அழுத்தவில்லை. நேற்று மாலையிலும் இல்லை, இன்றும் இல்லை.

மேடம் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்கள், போன மாத டோனர் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தானாம். எல்லோரும் கை தட்டினார்கள். குறைந்தது பாரூக்கின் பொடியால். நோட்டால் பத்து ரூபாய்கூடக் குறையவில்லை, ஏறித்தான் இருக்கும். மேடம் என்னிடம் மட்டும் தனியாக, "அந்தக்காவ அனுப்புனது சரிதாங்கண்ணா" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

வெளியே வந்து டீக்கடை ஓரமாக நின்று சகாயமேரிக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். ஒரு பனியன் யூனிட்டில் பீஸ் மடித்துப் பாக்கெட் போடுகிறாராம், நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம். நான் நடந்ததைச் சொன்னேன். பொத்தான், மூன்று தாள், எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"மேடத்துகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றார்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, புதன்

வெட்கமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. இன்றே ஆபீசைக் கழுவி விட்டார்கள். நாலு பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தலையில் ஆளுக்கொரு சரம் கதம்பம் சாத்தியாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகங்களை அடுக்குகிறபோது, கூட்டுகிற அம்மா என் மேஜையிலிருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, இதையும் அடியில் வைக்கட்டுங்களா என்றார். வைத்துவிட்டால் சனிக்கிழமைவரை யாரும் திறக்கமாட்டார்கள். அன்றே புது நோட்டுப் போட்டுவிடலாம், எல்லாம் சாமிக்கு அடியில் போய்விடும். ஒரு நிமிடம் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

மேஜையில் உட்கார்ந்து கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தேன். அதற்கு முந்தைய பக்கத்தில் சகாயமேரியின் சின்ன எழுத்து, இன்வாய்ஸ் ஐந்து பக்கம். கணக்குப் போட்டேன். செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 5 வரை நான் வந்த நாள் இருபத்திரண்டு. ஐந்நூற்று இருபத்தெட்டு. ஏழாம் தேதி காலையில் பன்னிரண்டு. பாரூக் என் மேஜைப் பக்கம் அழுத்தியது ஆறு, அதுவும் என் பெயரில்தான் வர வேண்டும். மகளின் ஜாதகத்தைத் தனி வரியாக எழுதினேன்: ஆறு பக்கம், சொந்த வேலை. பிறகு இதை எழுதினேன்.

பெயர்: வெள்ளியங்கிரி. பக்கம்: 546.

காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சரிபார்ப்பு என்று எழுதலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. சுற்றிலும் பூவும் பத்தியும், எல்லோரும் பொரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

'சந்தேகம்' என்று எழுதினேன்.

அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் வைத்து, காற்றில் புரளாமல் இருக்க மேலே ஒரு காலி கார்ட்ரிட்ஜை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மேடம் நான்கு மணிக்கு வருவார்கள். இப்போது மூன்று ஐம்பது. டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுவிட்டேன். சகாயமேரிக்கு மறுபடி போன் செய்ய வேண்டும், முதலில் மேடம் படிக்கட்டும்.